நாகசுரச் சக்கரவர்த்தி

தாம்பரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் பெருங்களத்தூரை ஒட்டி அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் திருமண ஊர்வலம் புறப்படும் மாலைப் பொழுதில் இருவகை இசைக் குழுக்களைக் காணலாம். ஒன்று, சீருடை அணிந்து, பித்தளைக் குழல்களை ஊதிச் செல்லும் பேண்டுக் குழு. மற்றொன்று, நாகசுரமும் தவிலும் கொண்ட நம் நாட்டு மேளம். முன்னது மேலைநாட்டுப் படைகளின் வழியே இங்கு வந்து சேர்ந்தது; பின்னது நம் கோயில்களிலே பிறந்து, கோயில்களிலே வளர்ந்தது. தோற்றம் வேறாயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பலர் கூடி எழுப்பும் ஒலி ஒரு தலைவனுடைய குறிப்பின்வழி நடத்தல் வேண்டும். அத்தலைவன் திறமுடையவனாயின் குழு சிறக்கும். அல்லனாயின் வெறும் ஓசையே மிஞ்சும்.

நாகசுரக் குழுவிற்குப் ‘பெரிய மேளம்’ என்பது பழைய பெயர். நாட்டியமாடுவோரின் குழுவைச் ‘சின்ன மேளம்’ என்றதால் இதனைப் பெரிய மேளம் என்றனர். பெயர்தான் பெரிது, அதனை வாசித்தவர்களுக்கு ஊரார் கொடுத்த இடம் பெரிதாயிருக்கவில்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கியவர்களுள் முதன்மையானவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை.

பெரிய மேளத்தில் நாகசுரம் வாசிப்போர் இருவர், தவில் முழக்குவோர் இருவர், தாளம் இடுவோர் ஒருவர், ஒத்து ஊதுவோர் ஒருவர் எனப் பொதுவாக அறுவர் இருப்பர். ஒத்து என்பது நாகசுரம் போன்றே தோன்றும் கருவி. ஆனால் அதில் விரல் வைக்கும் துளைகள் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியை இடைவிடாது ஒலித்துக்கொண்டிருப்பதே அதன் தொழில். மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் வெளிவிடும் பழக்கம் உடையவரே அதனை ஊத முடியும். பாராட்டுப் பெறாத உழைப்புக்கு ஒத்து ஊதுவோரைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ‘ஒத்து ஊதுகிறான்’ என்று பேச்சு வழக்கில் இகழ்ச்சியாகச் சொல்வோர் ஒரு நாழிகை அதனை ஊதிப் பார்ப்பாராயின் அச்சொல்லை மறப்பர்.

தவில் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதன் வலப்பக்கத்தை, விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு கையால் அடிப்பர். இடப்பக்கத்தைக் குறுந்தடியால் அடிப்பர். நாகசுரமோ ஆச்சா மரத்தில் கடைந்து எடுக்கும் நீண்ட குழல். மேல் நுனியில் நாணலால் செய்த சீவாளியைப் பொருத்துவர். கீழே விரிந்த வாயாக அணசு அமையும். விரல்கள் இயங்கும் துளைகள் ஏழே. அந்த ஏழு துளைகளிலிருந்து நுண்ணிய சுரங்களும் அவற்றின் அசைவுகளும் பிறத்தல் வேண்டும். துளையை முழுதும் திறப்பதா, பாதி திறப்பதா, சீவாளியை உதட்டால் எவ்வளவு அழுத்துவது, மூச்சை எவ்வளவு செலுத்துவது என்பவற்றை எல்லாம் வாசிப்பவரே அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார். நாவினால் சீவாளியைத் தட்டித் தட்டி ஒலிக்கும் முறைக்குத் துத்துக்காரம் என்று பெயர். இத்தனையும் கைவந்த பின்னரே ஒருவர் நாகசுரக்காரர் எனப்படுவார். இக்கருவியை ‘நாதசுரம்’ எனவும் வழங்குகின்றனர். இரு பெயர்களும் வழக்கில் உள்ளன. பழமையானது நாகசுரம் என்பதே.

இவ்வளவு அரிய கலையை உடையவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதையும் அறிதல் வேண்டும். இறைவன் திருவீதி எழுந்தருளும்போது அவர்கள் நடந்துகொண்டே வாசிப்பர். புறப்பாட்டின் தொடக்கத்தில் மல்லாரி. பின்னர் வீதிதோறும் இராகங்கள். இரவு முழுதும் வாசிப்பு நிகழும். இறைவன் திருமுன் நின்று வாசிப்பதில் எவரும் குறை காணவில்லை. ஆனால் செல்வர் வீட்டுத் திருமணத்திலும் அவர்கள் நிற்கவே வேண்டியிருந்தது. சட்டை அணிதல் கூடாது. மேலாடையை இடையில் சுற்றிக்கொள்ளுதல் வேண்டும். வாய்ப்பாட்டு வித்துவானும் வீணை வித்துவானும் மேடைமீது சமுக்காளத்தில் அமர்ந்திருக்க, நாகசுர வித்துவான் பந்தலின் ஒரு மூலையில் இருப்பார். சபைகளிலே மங்கல இசையாகத் தொடக்கத்தில் சிறிது நேரம் நாகசுரம் ஒலிக்கும்; கச்சேரி என்று கருதப்பட்டது அதன் பின் வருவதே. இசையை விரும்பிய ஊரார், இசைத்தவரை எட்டவே நிறுத்தினர்.

இந்நிலையில் 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள், சோழ வளநாட்டுத் திருவாவடுதுறையில் குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியன். பின்னர் வழங்கிய பெயரே இராசரத்தினம். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை பெயர்பெற்ற நாகசுர வித்துவான். அவர் இச்சிறுவனைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். ‘டி. என்.’ என்னும் தலைப்பெழுத்துகள் அந்த மாமனின் ஊரையும் பெயரையும் குறிப்பனவே.

திருவாவடுதுறை சிற்றூரே எனினும் தமிழ் வரலாற்றில் பெரிய ஊர். அங்குள்ள சைவ ஆதீனம் புலவர்க்கும் இசைவாணர்க்கும் புகலிடமாக இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கு ஆதீன வித்துவானாக விளங்கினார், உ. வே. சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்டதும் அங்கேதான். அத்தகைய ஊரில் காலையும் மாலையும் கோயில் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இசை தனியே கற்பிக்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்காது. ஆயினும் முறையான கல்வி அவருக்குக் கிட்டியது. புகழ்மிக்க பிடில் வித்துவானாகிய திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் அவர் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றார். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இந்த வரிசை கருதத்தக்கது. குழலை எடுக்கும் முன்பே குரலால் பாடிப் பழகியவர் ஆதலின், அவர் குழலில் விரலின் வேகத்தைக் காட்டிலும் பாட்டின் இழைவே மேலோங்கி நின்றது. வளர்ந்தபின் அவரே ஆதீனத்தின் நாகசுர வித்துவானாகவும் ஆனார்.

இராகங்களுள் தோடி அவருக்கே உரியது என்று சொல்லும்படி ஆயிற்று. தோடி 72 மேளங்களுள் எட்டாவது. அதன் சுரங்கள் நேராக நில்லாமல் அசைந்தே ஒலிப்பவை. அசைவு சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் இராகத்தின் வடிவம் கெடும். வாய்ப்பாட்டிலேயே அரிதான இதனை ஏழு துளைக் குழலில் மணிக்கணக்காக விரித்து வாசித்தார் இராசரத்தினம் பிள்ளை. சொன்னதையே மீண்டும் சொல்லாமல், ஒரு சுரத்தில் நின்று அதனைச் சுற்றிப் பின்னி, அடுத்த சுரத்திற்கு ஏறி, அங்கும் நின்று விரித்துச் செல்லும் அவர் வாசிப்பைக் கேட்க ஊர்ஊராக மக்கள் திரண்டனர். இசைத்தட்டில் வந்த அவருடைய தோடி, கோயிலுக்குச் செல்லாதவர் வீட்டிலும் ஒலித்தது. வானொலி வந்தபின் அவர் இசை இன்னும் தொலைவு சென்றது. வாய்ப்பாட்டு வித்துவான்களும் அவரிடமிருந்து கற்றனர். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் நாகசுரத்தின் சாயல் உண்டு என்பது இசையறிஞர் பலரும் கூறும் கருத்து. பாடகரைப் பின்பற்றிக் குழல் வாசித்த நிலை மாறி, குழலைப் பின்பற்றிப் பாடகர் பாடும் நிலை வந்தது.

தலைவர் ஒருவரால் மட்டும் மேளம் சிறவாது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவருக்கு வாய்த்த பெருந்துணை. மேலே குறித்த மகாவித்துவான் வேறு, இவர் வேறு. இருவரும் ஒரே பெயர் தாங்கித் தத்தம் துறையில் தலைமை பெற்றது வியப்பே. 1949 இல் மறைந்த இவர் தவில் வாசிப்பில் தமக்கு முன் இருந்தோர் கண்டிராத கணக்கு நுட்பங்களைப் புகுத்தியவர். நாகசுரம் இராகத்தை விரித்துப் பல்லவியைத் தொடங்கும்போது தவில் அதனைத் தாங்கும். இடம் கொடுக்கும்போது தனியே முழங்கும். மீண்டும் நாகசுரம் நுழையும் இடத்தில் பிசகாமல் வந்து சேரும். எழுதி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தது எதுவும் அதில் இல்லை. ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்திருந்தமையே அந்த ஒழுங்கிற்குக் காரணம்.

ஏறத்தாழ இதே காலத்தில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் பெரிய இசைக்குழுக்களின் காலம் நடந்தது. ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையைப் பித்தளைக் குழல்கள், நாணற் குழல்கள், பியானோ, பறை ஆகியவை கூடிய குழுவாகப் பதினைந்து பேர் அளவில் சேர்ந்து வாசித்தனர். 1930 ஆம் ஆண்டுகளின் நடுவில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் இவ்வகை இசை அந்நாடு முழுதும் பரவியிருந்தது. அதற்கு ஸ்விங் என்று பெயர். அக்குழுத் தலைவர்களுள் தலைசிறந்தவர் எட்வர்டு கென்னடி எல்லிங்டன். 1899 ஏப்ரல் 29 இல் வாஷிங்டன் நகரில் பிறந்த அவர் இராசரத்தினம் பிள்ளையைவிட எட்டுத் திங்கள் இளையவர். அவரை மக்கள் ‘டியூக்’, அதாவது கோமகன், என்றனர். இவரைச் சக்கரவர்த்தி என்றனர். முடியாட்சி இல்லாத நாட்டில் ஒரு கோமகன், முடியாட்சி முடியும் தறுவாயிலிருந்த நாட்டில் ஒரு சக்கரவர்த்தி!

எல்லிங்டனின் குழு 1927 இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்னும் கேளிக்கை மனையில் வாசிக்க அமர்ந்தது. அங்கு ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர். காசு கொடுத்து உள்ளே வந்து அமர்ந்து பார்ப்போர் வெள்ளையர். மேடையில் இருப்பவரின் இனத்தார் பார்வையாளராக வருவதற்கு அங்கு இடமில்லை. அம்மனையிலிருந்து வானொலி அவர் இசையை நாடெங்கும் கொண்டு சென்றது. புகழ் வந்த பின்னும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவர் குழுவினர்க்கு நல்ல விடுதிகளில் தங்க இடம் கிடைக்கவில்லை. எல்லிங்டன் எவருடனும் வாதாடவில்லை. தம் குழுவிற்கென்று தனி இரயில் பெட்டிகளை அமர்த்தி, அவற்றிலேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தார். தம் குழுவினர் ஒவ்வொருவருடைய ஊதும் இயல்பையும் அறிந்து அவரவர்க்கென்றே இசை எழுதினார். அதனாலன்றோ ஹாரி கார்னி என்பவர் 1927 முதல் எல்லிங்டன் மறைந்த 1974 வரை அக்குழுவை விட்டுப் பிரியாதிருந்தார்! எல்லிங்டன் 1963 இல் தம் குழுவுடன் இந்தியாவிற்கும் வந்து வாசித்தார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இராசரத்தினம் பிள்ளை மறைந்துவிட்டார்.

அவர் எழுதி வாசித்தவர். இவர் எழுதாமல், நினைத்தபடி வாசித்தவர். இருவர் இசையும் ஒன்றாகா. ஆனால் கலையைப் போற்றிக் கலைஞனைத் தள்ளிவைத்த உலகம் இருவர்க்கும் ஒன்றாகவே இருந்தது. அதனை எதிர்கொண்ட வகையிலும் ஓர் ஒற்றுமை காணலாம். எல்லிங்டன் குறையற்ற உடையும் நடையுமாகத் தம் குழுவை மேடையேற்றினார். இராசரத்தினம் பிள்ளையும் உடையிலிருந்தே தொடங்கினார்.

குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டையும் ஷெர்வானியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் ஒளிவிட மேடைக்கு வந்தார். நின்று வாசிக்க மறுத்தார். ‘வாய்ப்பாட்டுக்கு எந்த மேடையோ அதே மேடை நாகசுரத்திற்கும் வேண்டும், அமர்ந்தே வாசிப்பேன்’ என்பது அவர் உறுதி. ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டும் வாசித்தார். இவற்றையெல்லாம் கண்ட பலர் இறுமாப்பு என்றனர். அவரிடம் இறுமாப்பு இல்லை என்று சொல்லுதல் உண்மையாகாது. தம்மைப் போல் வாசிப்பார் இல்லை என்பதை அவர் மறைத்ததில்லை. குறித்த நேரத்தில் வாராமல் அழைத்தவர்களை வருத்தியதும் உண்டு. ஈட்டிய பெரும்பொருளைப் பேணி வைக்கவும் அவர் அறிந்திலர். ஆனால் சட்டையும் இருக்கையும் பற்றிய பிடிவாதத்தை இக்குறைகளோடு சேர்த்து எண்ணுதல் முறையன்று. ஒருவர்க்காகக் கேட்டிருந்தால் அது செருக்கு. அவர் பெற்ற மேடையில் அவருக்குப் பின் வந்த நாகசுர வித்துவான்கள் எல்லோரும் அமர்ந்தனர், தவிற்காரர்களும் அமர்ந்தனர்.

மேடை மாறியதும் கருவியும் மாற வேண்டியதாயிற்று. பழைய நாகசுரம் ‘திமிரி’ எனப்படும். அது குட்டையானது, சுருதி உயர்ந்தது, திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்கவேண்டி அமைந்தது. வீதிக்கு அது தக்கது. அரங்கத்துள் அமர்ந்து கேட்போர் காதுக்கோ அதன் ஒலி கடுமையாயிருந்தது. தாழ்ந்த சுரங்களின் இனிமையும் அதில் நிரம்பவில்லை. சுத்த மத்திமம் என்னும் சுரம் அதில் செம்மையாக நில்லாமையும் ஒரு குறை. தோடிக்கு இன்றியமையாத சுரங்களுள் அதுவும் ஒன்று. குழலை நீட்டிச் சுருதியைத் தாழ்த்த வேண்டும் என இராசரத்தினம் பிள்ளை விரும்பினார். திருவாவடுதுறைக்கு அண்மையில் உள்ள நரசிங்கன்பேட்டையில் வழிவழியாக நாகசுரம் கடைந்துவந்த ரங்கநாத ஆசாரி அவ்விருப்பத்தை மரத்தில் வடித்துத் தந்தார். குழலின் நீளம் மாறினால் துளைகளின் இடமும் உள்விட்டமும் மாறும். ஒன்று பிசகினால் மற்றவை எல்லாம் பிசகும். வித்துவான் ஊதிப் பார்த்துச் சொல்ல, ஆசாரி கடைந்து திருத்த, உருவானதே ‘பாரி’ நாகசுரம். வாசித்தவர் பெயரை உலகம் அறியும். கடைந்தவர் பெயரையும் உடன் சொல்லுதலே நேர்மை.

1940 இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ என்னும் திரைப்படத்தில் இராசரத்தினம் பிள்ளை கவி காளமேகமாக நடித்தார். புலவராக நடித்ததால் அவர் புகழ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் வாழ்வில் மறக்கலாகாத நாள் 1947 ஆகஸ்டு 14. நாடு விடுதலை பெறும் இரவுக்கு முன், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் சென்றவர்கள் டில்லியில் சவகர்லால் நேருவின் இல்லத்தில் அவரிடம் பொற்செங்கோல் ஒன்றை அளித்தனர். ஓதுவார் தேவாரம் பாட, ஆதீன வித்துவானாகிய இராசரத்தினம் பிள்ளை நாகசுரம் வாசித்தார். சிற்றூர்க் கோயில் வீதியில் ஒலித்துவந்த கருவி, ஒரு நாட்டின் விடுதலையை வரவேற்கும் கருவியாக அன்று தலைநகரில் ஒலித்தது.

1956 டிசம்பர் 12 ஆம் நாள் இராசரத்தினம் பிள்ளை சென்னையில் காலமானார். வயது 58. பெருஞ்செல்வம் எதனையும் அவர் விட்டுச் செல்லவில்லை. அவரிடம் பயின்றும் அவரோடு வாசித்தும் தேர்ந்த காருகுறிச்சி அருணாசலம் அம்மரபைத் தொடர்ந்தார். 1962 இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிப்பது அவருடைய நாகசுரமே. குருவைப் போல் சீடரும் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். 1964 இல், நாற்பத்து மூன்றாம் வயதளவில் மறைந்தார்.

பாரி நாகசுரம் இன்று தமிழகக் கோயில்களிலும் மேடைகளிலும் பெருவழக்காகிவிட்டது. திமிரியை வாசிப்பவர் அரியர். நரசிங்கன்பேட்டை நாகசுரத்திற்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அவ்வூர் ஆசாரிமார் புதிதாக வெட்டிய மரத்தை நாடுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரம் முதலியவற்றில் பல்லாண்டு காய்ந்து ஈரமற்றுப்போன ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி, அளந்து அறுத்து, கடைசலில் ஏற்றி, இன்றும் அக்குழலைக் கடைந்து வருகின்றனர்.